முஸ்தபா கேமை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவைக்க: ஆர்கேடு எமுலேட்டர் வழிகாட்டி

தொண்ணூறுகளில் மதுரையில் வீடியோ கேம் கடைக்குப் போனவர்களிடம் ‘முஸ்தபா கேம்’ என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்தான் அது. அதில் வரும் நான்கு பேரில் ஒருவன் முஸ்தபா. நம் ஊர்ப் பையன்கள் அவன் பெயரையே கேமுக்கு வைத்துவிட்டார்கள். அந்த மாதிரி கேம்களை இன்று வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில், அசல் இயந்திரத்தில் எப்படி ஓடியதோ அப்படியே ஓடவைக்க முடியும். இதுவரை எமுலேட்டர் பக்கமே போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் வழி சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் காசு போட்டு ஆடிய அந்தப் பெட்டிதான் ஆர்கேடு இயந்திரம்; அதற்குள் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அதில் பிராசசர், சவுண்டு சிப், கேமைச் சேமித்து வைத்திருக்கும் ரோம் சிப்கள் எல்லாம் இருக்கும். பேக்மேன் 1980இல் வந்தபோது அதில் இருந்தது இசட்-80 பிராசசர், வேகம் 3 மெகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் மோட்டோரோலா 68000, அது 10 மெகாஹெர்ட்ஸ். எமுலேட்டர் என்பது அந்தப் போர்டைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். ரோம் என்பது அந்தச் சிப்களில் இருந்ததை அப்படியே நகலெடுத்த கோப்பு. ஒரு கேமுக்கு ஒரு ஜிப் கோப்பு. அதற்குள் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனிக் கோப்பு.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். எமுலேட்டரை ஓரிடத்தில் எடுத்து, ரோமை வேறோர் இடத்தில் எடுத்து, இரண்டையும் சேர்த்தால் கேம் ஓடிவிடும் என்று நினைக்கிறார்கள். ஓடாது. எமுலேட்டரின் பதிப்பும் ரோம் தொகுப்பின் பதிப்பும் பொருந்த வேண்டும். எமுலேட்டர் எழுதுகிறவர்கள் ஒரு போர்டில் விட்டுப்போன சிப்பைப் பிறகு கண்டுபிடிப்பார்கள், அல்லது முன்பு தவறாகப் படித்த சிப்பைத் திருத்துவார்கள். அடுத்த பதிப்பிலிருந்து அந்தக் கேமின் ஜிப்புக்குள் இருக்க வேண்டிய கோப்புகளும் மாறிவிடும். ‘கேம் ஓடவில்லை’ என்று என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மைதான். அதனால் முதலில் எமுலேட்டரை முடிவு செய்யுங்கள், ரோம் அப்புறம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயர்கள் நிறைய இருந்தாலும் தொடக்கத்துக்கு இரண்டு போதும்: மேம், ஃபைனல்பர்ன் நியோ.

மேம் 1997 பிப்ரவரியில் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா தொடங்கியது. 2016இல் இருந்து முழுக்கத் திறமூல மென்பொருள். பழைய இயந்திரங்கள் துருப்பிடித்துப் போவதற்குள் அவற்றின் இயக்கத்தைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆடுவது அதனால் கிடைக்கிற பலன் என்றே அதை எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அந்த நோக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால் வேகத்தைவிடத் துல்லியத்துக்கு முதலிடம் தருவார்கள், பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் கனமாகிக்கொண்டும் போகும். ஓரளவு புதிய கம்ப்யூட்டர் இருந்தால் மேம்தான் என் முதல் பரிந்துரை.

ஃபைனல்பர்ன் நியோ இலேசானது. காப்காம் போர்டுகள், எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ போர்டு போன்றவற்றில் கெட்டிக்காரத்தனம். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ், மெட்டல் ஸ்லக், ஸ்ட்ரீட் ஃபைட்டர், முஸ்தபா என்று கடையில் நாம் ஆடியவற்றில் பெரும் பகுதி இதில் அருமையாக ஓடும். இதைத் தனியாகவும் நிறுவலாம், ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளுக்குள் ஒரு ‘கோர்’ ஆகவும், அதாவது உள்ளே பொருத்தும் எமுலேட்டராகவும் சேர்க்கலாம். ரெட்ரோஆர்ச் வழிதான் எளிது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் ஒரே முகம்.

கம்ப்யூட்டர் மிகவும் பழையது என்றால் ரெட்ரோஆர்ச்சுக்குள்ளேயே ‘மேம் 2003 பிளஸ்’ என்று ஒரு கோர் உண்டு. அது பழைய மேம் 0.78 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, அதற்கென்று தனி ரோம் தொகுப்பு வேண்டும். புதிய மேமுக்கான ரோமை இதில் போட்டால் பல கேம்கள் திறக்காது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதற்காக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லி யாராவது பேசினால் கேட்காதீர்கள். மேம் பெரும்பாலும் பிராசசருக்குள் இருக்கும் கோர்களில் (ரெட்ரோஆர்ச்சின் ‘கோர்’ வேறு) ஒன்றின் வேகத்தை நம்பித்தான் ஓடுகிறது. முப்பரிமாண கேம்கள் வேண்டுமென்றால் கதை வேறு. சேகாவின் நயோமி போர்டுக்கு ஃபிளைகாஸ்ட், மாடல் 3 போர்டுக்கு சூப்பர்மாடல் என்று தனி எமுலேட்டர்கள் இருக்கின்றன. முதல் வாரத்திலேயே அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விண்டோஸில்

மேமின் அதிகாரப்பூர்வ தளம் மேம்டெவ். அங்கிருந்து மட்டும் எடுங்கள். ‘ஆயிரம் கேமுடன் எமுலேட்டர்’ என்று பென் டிரைவில் கைமாறும் ஈஎக்ஸ்ஈ கோப்புகளைத் தொடவே வேண்டாம்; உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று உங்களால் சொல்ல முடியாது.

டவுன்லோடு ஆவது ஒரு ஈஎக்ஸ்ஈதான், ஆனால் அது தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் கட்டு மட்டுமே. இன்ஸ்டாலர் கிடையாது. சி டிரைவில் நேரடியாக ‘மேம்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் விரியுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள்: மேம் தன் அமைப்புகளையும் ஸ்கோர்களையும் தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும், அங்கே எழுத விண்டோஸ் அனுமதிக்காது. விரித்ததும் உள்ளே ‘ரோம்ஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். கேமின் ஜிப் கோப்பை அதில் போடுங்கள். ஜிப்பைப் பிரிக்கக் கூடாது, பெயரையும் மாற்றக் கூடாது. முஸ்தபா கேமின் கோப்பு ‘டினோ’ என்ற நான்கு ஆங்கில எழுத்துப் பெயரில்தான் இருக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று ‘முஸ்தபா’ என்று மாற்றினால் மேமுக்கு அடையாளம் தெரியாது.

அப்புறம் மேமை இரட்டைக் கிளிக் செய்தால் பட்டியல் திறக்கும். ஆயிரக்கணக்கான பெயர்கள் வரும், பயப்பட வேண்டாம். அவை மேமுக்குத் தெரிந்த இயந்திரங்கள். உங்களிடம் உள்ளவற்றை மட்டும் காட்ட இடப்பக்கம் வடிகட்டி இருக்கிறது.

இப்போது அதிகாரப்பூர்வமாக வரும் மேம் 64 பிட் மட்டும்தான். உங்கள் விண்டோஸ் 32 பிட் என்றால் ரெட்ரோஆர்ச்சின் 32 பிட் பதிப்பை எடுத்து, ஃபைனல்பர்ன் நியோ கோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸிலும் அரசு லேப்டாப்பிலும்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் பல வீடுகளில் 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த விலையில்லா லேப்டாப் ஒன்று பரணில் இருக்கும். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை அவை. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். பேட்டரி போயிருக்கும், ஆனால் சார்ஜரில் செருகினால் ஓடும். பழைய ஆர்கேடு கேமுக்கு அந்த லேப்டாப் தாராளம். தூக்கிப் போடாதீர்கள், பழைய இரும்புக்குக் கொடுக்காதீர்கள்.

அதில் வந்த பழைய இயங்குதளத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிட லுபுண்டு, அல்லது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற இலேசான ஒன்றை நிறுவிவிடுவது நல்லது. பள்ளிக் காலப் படங்கள், புராஜெக்ட் கோப்புகள் ஏதாவது இருந்தால் முதலில் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். அப்புறம் மென்பொருள் மையத்தைத் திறந்து ‘ரெட்ரோஆர்ச்’ என்று ஆங்கிலத்தில் தேடி நிறுவுங்கள். உள்ளே போனதும் கோர் டவுன்லோடு செய்யும் இடத்தில் ஃபைனல்பர்ன் நியோவைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடம் மெனுவில் இல்லை என்றால், நீங்கள் நிறுவியது உங்கள் லினக்ஸின் களஞ்சியத்தில் (அது தரும் மென்பொருள் தொகுப்பில்) உள்ள பதிப்பாக இருக்கலாம்; பல லினக்ஸ்களுக்கும் பொதுவான ஃபிளாட்பேக் வடிவப் பதிப்பை நிறுவினால் வந்துவிடும்.

புதிய கம்ப்யூட்டரில் உபுண்டு வைத்திருப்பவர்கள் நேரடியாக மேமையே நிறுவலாம். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மேம்’ என்ற நான்கு சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விட்டு அடித்தால் போதும். களஞ்சியத்தில் இருப்பது கொஞ்சம் பழைய பதிப்பாக இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் அந்தப் பதிப்பு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு அதற்குரிய ரோமையே தேடுங்கள். ஆகப் புதியதுதான் வேண்டும் என்றால் ஃபிளாட்பேக் மென்பொருள்கள் கிடைக்கும் ஃப்ளாட்ஹப் தளத்தில் மேம் இருக்கிறது. ரோம் ஃபோல்டர் எது என்ற குழப்பம் லினக்ஸில் வரும். மேமின் பட்டியலிலேயே அமைப்புப் பகுதிக்குப் போய் உங்கள் ஃபோல்டரைச் சேர்த்து, மறக்காமல் சேமித்துவிடுங்கள்.

இதில் எதையும் நிறுவ விருப்பம் இல்லை, கம்ப்யூட்டர் இருக்கிறபடியே இருக்கட்டும் என்பவர்களுக்கு பட்டோசெரா ஏற்றது. அது பென் டிரைவிலிருந்தே பூட் ஆகும் முழு இயங்குதளம். இமேஜ் கோப்பை பலேனா எட்ச்சர் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள், அந்த டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்குங்கள், அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க்கில் கைவைக்காது.

மேக்கில்

மேக்கில் ரெட்ரோஆர்ச்தான் சுலபம். டிஎம்ஜி கோப்பை எடுத்து அப்ளிகேஷன்ஸுக்குள் இழுத்துப் போடுங்கள். முதல் முறை திறக்கும்போது ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று மேக் தடுத்தால், சிஸ்டம் செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்புப் பக்கத்தின் கீழே போய் ‘எப்படியும் திற’ கொடுங்கள். டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி வழியாக மேமை நிறுவலாம். ஓப்பன்எமு என்று மேக்குக்கான இன்னொரு எமுலேட்டர் பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் அதில் ஆர்கேடு பகுதி சோதனை நிலையில் உள்ளதாகவும் பழைய மேம் பதிப்பாகவும் இருப்பதால் ஆர்கேடுக்காக அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ரோம் எங்கே கிடைக்கும்?

இந்த விஷயத்தில் நேராகப் பேசிவிட வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. கேம் பழசாகிவிட்டது, கடை மூடிவிட்டது என்பதால் உரிமை போய்விடாது. காப்காமும் எஸ்என்கேயும் தங்கள் பழைய கேம்களை இன்றும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. காப்காம் ஆர்கேடு ஸ்டேடியம் போன்ற தொகுப்புகள் கம்ப்யூட்டருக்கே கிடைக்கின்றன. பிடித்த கேம் அதில் இருந்தால் வாங்கிவிடுங்கள்.

கற்றுக்கொள்வதற்கு என்று சட்டப்படியே இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. மேம்டெவ் தளத்திலேயே, உரிமையாளர்கள் அனுமதி தந்த சில கேம்களின் ரோம்கள் இருக்கின்றன, வணிக நோக்கில்லாமல் பயன்படுத்த. 1981இல் வந்த ராபி ரோட்டோ, எக்ஸிடி நிறுவனத்தின் டார்க், ஸ்டார் ஃபயர், சர்க்கஸ், கடைக்கே வராமல் நின்றுபோன கிரிட்லீ எல்லாம் அதில் அடக்கம். உங்கள் முதல் கேம் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். இவை மேம்காரர்களே தருகிற கோப்புகள் என்பதால் புதிய மேமோடு பொருத்தப் பிரச்சினை வராது. ராபி ரோட்டோ ஓடிவிட்டால் உங்கள் நிறுவல் சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேறு கேம் ஓடவில்லை என்றால் கோளாறு ரோமில்தான் என்று தெளிவாகிவிடும்.

‘கோப்பு இல்லை’ என்று வந்தால்

பேக்மேனின் ஜிப்பைச் சரியாகப் போட்டும் ஓடவில்லை என்பார்கள். மேமில் பேக்மேன் ஒரு கிளைப் பதிப்பு. ஜப்பானில் வந்த ‘பக்மேன்’தான் தாய்ப் பதிப்பு. சில தொகுப்புகளில் கிளையின் ஜிப்பில் வேறுபடும் சிப்கள் மட்டும்தான் இருக்கும், மற்றவை தாயின் ஜிப்பில். ஆகவே இரண்டும் ரோம்ஸ் ஃபோல்டரில் இருந்தால்தான் ஓடும்.

டெர்மினலில் இருந்து மேமை ஓட்டினால் இது பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு வரியிலும் முதலில் சிப் கோப்பின் பெயர், அடுத்து ‘கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பு, கடைசியில் அடைப்புக்குறிக்குள் மேம் எந்தெந்த ஜிப்பில் தேடிப் பார்த்தது என்ற விவரம். பேக்மேனுக்கு அந்த அடைப்புக்குறிக்குள் பேக்மேன், பக்மேன் என்று இரண்டு பெயர் இருக்கும். இரண்டாவது உங்களிடம் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. பலரும் அந்த அடைப்புக்குறியைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். பாதிச் சிக்கலுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

முஸ்தபாவிலும் இதே சங்கதிதான். அந்தப் போர்டில் க்யூசவுண்டு என்ற ஒலிச் சிப் உண்டு; புதிய மேம் அதற்கென்று ஒரு தனி ஜிப்பைக் கேட்கும். நியோ ஜியோ கேம்கள் எல்லாவற்றுக்கும் ‘நியோஜியோ’ என்ற பயாஸ் ஜிப், அதாவது போர்டைத் துவக்கும் நிரல் உள்ள ஜிப், பொதுவாக வேண்டும். அது இல்லாமல் மெட்டல் ஸ்லக்கும் ஓடாது, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸும் ஓடாது.

தாய், கிளை என்ற இந்த ஏற்பாட்டினால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சாம்பியன் எடிஷனுக்கு மேமில் திருட்டுப் போர்டுகளும் சேர்த்து எக்கச்சக்கமான கிளைகள் இருக்கின்றன. நீங்கள் ஆடிய இயந்திரத்தில் ரியூ என்ற வீரன் அந்தரத்தில் இருந்தபடியே ஹடோகென் (கையிலிருந்து பாயும் ஆற்றல் பந்து) விட்டது நினைவிருந்தால், நீங்கள் ஆடியது ரெயின்போ போன்ற ஒரு திருத்திய போர்டு. அதற்கும் மேமில் தனி இடம் இருக்கிறது. உலகத்தின் அசல் பதிப்பு மட்டுமல்லாமல், நம் தெருவுக்கு வந்த பதிப்பும் பதிவாகியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பட்டன்கள்

மேமில் 5-ஐத் தட்டினால் காயின் விழும். 1-ஐத் தட்டினால் ஆட்டம் தொடங்கும். அம்புக்குறிகள் ஜாய்ஸ்டிக். கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ்பார், இடது ஷிஃப்ட், இசட், எக்ஸ் ஆகியவை வரிசையாக ஆறு பட்டன்கள். டேப் மெனு, எஸ்கேப் வெளியேற. ரெட்ரோஆர்ச்சில் வலது ஷிஃப்ட் காயின், என்டர் ஸ்டார்ட், எஃப்1 மெனு.

மேமின் இந்த ஏற்பாடு ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஒவ்வொரு விதமாக மோதும். விண்டோஸில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடும்போது இலேசான உதை இடது ஷிஃப்ட்டில் இருக்கும். அதை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ ஜன்னல் ஆட்டத்தின் நடுவே வந்து நிற்கும். அணுகல்தன்மை அமைப்பில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். மேக்கில் கன்ட்ரோலோடு பக்கவாட்டு அம்புக்குறி சேர்ந்தால் டெஸ்க்டாப் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் அம்புக்குறி சேரும்போது இதே தொல்லை வரலாம். டேப் மெனுவில் இன்புட் பகுதிக்குப் போய் முதல் மூன்று பட்டன்களையும் ஏ, எஸ், டி போன்ற எழுத்துகளுக்கு மாற்றிவிட்டால் நிம்மதி. இருவர் ஆடினால் மட்டும் அவை இரண்டாம் ஆளின் விசைகளோடு மோதும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடுவது சரிப்படாது. சாதாரண கீபோர்டுகள் சில மூன்று விசைக் கூட்டணிகளையே பதிவு செய்யாது; அண்ணன் உதைக்கும்போது தம்பியின் ஆள் நின்றுவிடுவான், சண்டைதான் மிச்சம். டவுன் ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் யூஎஸ்பி கேம்பேடு கேட்டுப் பாருங்கள். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், “அண்ணே, செருகிப் பார்த்துட்டு வாங்கிக்கிறேன்” என்று சொல்லிச் சோதித்து வாங்குங்கள். விண்டோஸில் தேடல் பெட்டியில் கேம் கன்ட்ரோலர் என்று தேடினால் சோதனைப் பலகை திறக்கும். நாலு திசையும் சரியாக இருந்தாலும் மூலைத் திசைகளைக் கட்டாயம் அழுத்திப் பாருங்கள். மலிவான பேடுகளில் முதலில் சொதப்புவது அதுதான், ஹடோகெனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஓட ஆரம்பித்த பிறகு

மேமில் எஃப்11 அழுத்தினால் வேகம் சதவீதத்தில் தெரியும். 100-இல் நிலையாக நின்றால் சரி. அதற்குக் கீழேயே தவித்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்தக் கேம் கனம். ஃபைனல்பர்ன் நியோவுக்கு மாறுங்கள். கேம் தலைதெறிக்க ஓடினால் கை தவறி எஃப்10 பட்டிருக்கும், மறுபடி தட்டினால் சரியாகும்.

படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை வருவது கோளாறு இல்லை. பேக்மேனின் திரை நிமிர்த்தி வைத்த திரை, அகலம் 224 புள்ளி, உயரம் 288. அதை லேப்டாப் அகலத்துக்கு இழுத்து நிரப்பினால் வட்டமான பேக்மேன் கொழுக்கட்டை வடிவத்துக்கு வந்துவிடுவான். அப்படியே விட்டுவிடுங்கள்.

மேம் பல விஷயங்களை வெளியேறும்போதுதான் டிஸ்க்கில் எழுதும். ஆடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அன்றைக்குப் போட்ட ஸ்கோர் போய்விடும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஆடுபவர்கள் நல்ல ஸ்கோர் வந்ததும் ஒருமுறை எஸ்கேப் கொடுத்து வெளியே வந்துவிடுவது நல்லது. இன்னொன்று, பல பழைய போர்டுகள் ஸ்கோரைச் சேமிக்கவே செய்யாது, பெட்டியை அணைத்தால் அழிந்துவிடும். மேமும் அதே போல் நடந்துகொள்ளும். சேமிக்க வேண்டும் என்றால் பிளகின் (கூடுதல் வசதி) பட்டியலில் ‘ஹைஸ்கோர்’ என்பதை இயக்கி, மேமை ஒருமுறை மூடித் திறங்கள்.

புதிய பதிப்பு வந்ததும் பழையதன் மேலேயே விரித்துவிடாதீர்கள். தனி ஃபோல்டரில் போட்டு, உங்கள் கேம்கள் எல்லாம் அதில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பழையதை நீக்குங்கள். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், பதிப்பை மாற்றாமல் அதே மேமிலேயே வருடக்கணக்கில் ஆடலாம்.